யவனர் பாவை விளக்கும் வியூக ஆட்டத் திருத்தங்களும்

1. தோற்றுவாய்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாகப் பகுத்துக் காட்டும். கடலைச் சார்ந்த மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகள் இருந்தன. அரசரும் பெருங்குடி வணிகரும் வாழ்ந்த அகநகர் பட்டினப்பாக்கம் எனப்பட்டது. சென்னையில் இன்று பட்டினப்பாக்கம் என வழங்கும் பகுதியோ, மயிலாப்பூரையும் சாந்தோமையும் அடுத்து, அடையாற்றுக் கழிமுகத்துக்கு வடக்கே, கடலலையின் ஒலி கேட்கும் அண்மையில் உள்ளது. காப்பியத்தில் அகநகர்க்குரிய பெயர் ஈண்டுக் கடற்கரைக்கு உரியதாயிற்று. பெயரொற்றுமை ஒன்றே கொண்டு இரண்டையும் பிணைத்தல் ஆராய்ச்சியாகாது. எனினும் யவனர் பற்றிய வினா ஒன்று இச்சென்னைப் பட்டினப்பாக்கத்தினின்றே எமக்கு எழுந்தமையால் அதனைத் தொடக்கமாகக் கொள்கின்றோம்.

அப்பகுதியில் வாழும் முதுகலை மாணவர் ஒருவர் கணினியில் ஆடப்பெறும் வியூக ஆட்டங்களில் ஈடுபாடு மிக்கவர். ஒருநாள் அவர், "ஐயா, ரோமானிய நகரைக் கட்டும் ஆட்டத்தில் நீர்க்கால் அமைக்காவிடில் நகரம் வளர்வதில்லை. சோழரை ஏற்று ஆடும் ஆட்டத்திலோ ஏரி ஒன்றுமில்லாமலே நாடு செழிக்கின்றது. இஃது எவ்வாறு பொருந்தும்?" என வினவினார். விளையாட்டுப் பற்றிய வினாவெனத் தள்ளிவிடத்தக்கதன்று இது. ஒரு நாகரிகத்தின் பெருமையை எதனால் அளப்பது, வியக்கத்தக்கது யாது, அவ்வியப்பை நூலாயினும் ஆட்டமாயினும் எவ்வாறு காட்டல் வேண்டும் என்னும் வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. இவை இலக்கியத் திறனாய்வுக்கு உரியனவே. பண்டை நாடுகளைப் பற்றிய முதற்படத்தை இன்றைய இளைஞர் பலர் வரலாற்று நூல்களினின்றன்றி இவ்வாட்டங்களினின்றே பெறுகின்றனர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

ரோமானியப் பொறியியலின் வியத்தகு செயல்களையும், அவற்றைக் காட்டும் ஆட்டங்களையும், அவ்வாட்டங்களைத் திருத்தி அமைக்கும் ஆர்வலர் குழுவினரின் பணியையும், தமிழிலக்கண இலக்கியங்கள் வகுத்த அளவைகளைக் கொண்டு மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆட்டமும் திருத்தமும்

வியூக ஆட்டமாவது, ஆடுவோன் ஒரு நாட்டையோ நகரையோ ஏற்று, நிலம் ஆய்ந்து, பொருள் ஈட்டி, கட்டடம் எழுப்பி, படை நடத்தி, வகுத்த விதிகளின்வழி வெற்றி காண முயல்வது. இவ்வாட்டத்தை வெளியிட்ட நிறுவனத்தார் அல்லாத ஆட்டக்காரர் தாமே கூடி, அதன் பெயர்களையும் படங்களையும் விதிகளையும் மாற்றியும் கூட்டியும் அமைக்கும் பகுதியை 'மாட்' என்பர். ஈண்டு அதனைத் திருத்தம் என்றும், அதனைச் செய்வோரைத் திருத்துநர் என்றும் குறிப்போம்.

திருத்துநர் பணி எத்தகையது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் உணரலாம். 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரோம்: டோட்டல் வார்' என்னும் ஆட்டம், கிரேக்க மரபினரான தாலமி வேந்தர் ஆண்ட எகிப்தை, அவர்க்குப் பல நூற்றாண்டு முற்பட்ட பார்வோன் காலக் கோலத்தில் காட்டியது. வரலாறு கற்ற ஆர்வலர் இப்பிழையைப் பொறாராய்க் குழுவாகக் கூடி, 'யூரோப்பா பார்பரோரம்' என்னும் பெருந்திருத்தத்தை ஆக்கினர். அதன்கண் படைகளும் பதவிகளும் அவ்வம்மக்களின் பண்டை மொழிப் பெயர்களாலேயே குறிக்கப்பெற்றன. ஏட்டுப்பிழை கண்டு பாடம் திருத்தும் பதிப்பாசிரியர் பணியோடு இஃது ஒருபுடை ஒப்புமை உடையது.

மற்றொன்று நமக்கு நெருங்கியது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆட்டத்தின் இரண்டாம் பகுதி 1999-இல் வெளிவந்தபோது அதன்கண் இந்திய நாட்டு மக்கள் எவரும் இலர். 2012-இல் ஆர்வலர் சிலர் ஆக்கிய 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்னும் திருத்தம் ஐந்து புதிய மக்களைச் சேர்த்தது. 'இந்தியர்' அவ்வைவருள் ஒருவர். 2013-இல் அத்திருத்தமே நிறுவனத்தார் ஏற்ற முறையான வெளியீடாயிற்று. எனினும் குமரி முதல் இமயம் வரை அனைவரும் 'இந்தியர்' என்னும் ஒரே பெயருள் அடங்கினர். 2022-இல் வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் விரிவு அவ்வொரு பெயரைப் பகுத்து, 'திராவிடர்', 'வங்காளர்', 'கூர்ச்சரர்' என்னும் புதிய மக்களை அமைத்து, முதலாம் இராசேந்திர சோழனின் போர்ச்செலவையும் ஆட்டமாக்கிற்று. திருத்தமாகத் தொடங்கியது பத்தாண்டில் மூலத்தோடு ஒன்றாகிவிட்டது.

நூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும் என்பர் நன்னூலார். முன்னோர் நூலின் முடிபை ஏற்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் உரைப்பது வழிநூல். நல்ல திருத்தம் இவ்வழிநூலை ஒத்தது. அது மூலத்தை அழிப்பதில்லை. மூலம் காணாது விட்டதைக் காட்டுகின்றது. இடைச்செருகல் என்னும் குற்றமும் இதற்கு ஏலாது. இடைச்செருகுவோன் தன் பெயரை மறைத்து மூலத்துள் கலப்பான். திருத்துநர் தம் பணியை வேறாக வைத்து, வேண்டுவோர் கொள்க என விடுவர். ஆதலின் திருத்தம் செய்தல் தவறோ என்னும் ஐயம் வேண்டா. திருத்தம் எதுவரை சென்றது என்பதே நாம் ஆராய வேண்டுவது. பெயரை மட்டும் மாற்றுவது சொற்றிருத்தம். ஆட்டத்தின் விதியை மாற்றுவது இலக்கணத் திருத்தம். இவ்வேறுபாடு பின்வருவனவற்றுக்கு இன்றியமையாதது.

3. மருட்கையின் நிலைக்களன்கள்

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் மருட்கை என்னும் மெய்ப்பாடு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் நிலைக்களனாகப் பிறக்கும் என்றார். மருட்கையாவது வியப்பு. ஆக்கம் என்பதனை ஒன்று மற்றொன்றாய்த் திரிதல் என்னும் கருத்துப்பட விளக்குவர். பெருமைக்கு எதிராகிய சிறுமையையும் வியப்புக்குக் காரணமாக வைத்த நுண்மை போற்றத்தக்கது. ரோமானியப் பொறியியலை இந்நான்கனோடும் பொருத்திக் காண்போம்.

பெருமைக்குச் சான்று தேட வேண்டுவதில்லை. ஹேட்ரியன் காலத்தில் கி.பி. 126 அளவில் முடிந்த பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் விட்டமுடையது. உள்ளே இரும்புக் கம்பியின்றிக் காரையால் வார்க்கப்பெற்ற குவிமாடங்களுள் இன்றும் அதனை விஞ்சியது இல்லை. தென் பிரான்சில் நீம் நகர்க்கு நீர் கொணர்ந்த நீர்க்கால், கார்டன் ஆற்றைக் கடக்கும் இடத்தில் மூவடுக்கு வளைவுகளின்மேல் ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்தில் செல்கின்றது.

புதுமைக்கு விட்ருவியஸ் இயற்றிய பத்துப் பகுதிகளையுடைய கட்டடக்கலை நூல் சான்றாகும். உருளைகளின் சுழற்சியால், ஒவ்வொரு மைல் கடந்ததும் ஒரு கல் பெட்டியுள் விழுமாறு அமைத்து வழியளக்கும் வண்டியை அந்நூல் விளக்குகின்றது. ஓடும் நீரால் இயங்கும் திரிகையும் அதன்கண் கூறப்பெற்றுள்ளது.

சிறுமையே நம்மை ஆழ்ந்து வியக்கச் செய்வது. மேற்கூறிய நீம் நகர் நீர்க்கால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுடையது. அத்தொலைவு முழுமைக்கும் நீர் இறங்கும் இறக்கமோ ஏறத்தாழ 13 மீட்டரே. ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி கால் மீட்டர் அளவான சரிவை, மலையையும் பள்ளத்தையும் கடந்து, பிறழாமற் காத்த அளவைத்திறமே அப்பெருவளைவுகளை எழுப்பிய திறத்தினும் அரியது. வளைவு கண்ணுக்குத் தெரியும்; சரிவு தெரியாது.

ஆக்கத்துக்குச் சான்று ரோமானியர் காரை. பொத்சுவோலிப் பகுதியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் அக்கலவை நீருள்ளேயே இறுகிக் கல்லாகின்றது. பாலத்தீனக் கடற்கரையில் ஏரோது மன்னன் சிசேரியாத் துறைமுகத்தைக் கட்டியபோது இச்சாம்பல் இத்தாலியினின்று கலத்தில் கொண்டுபோகப்பட்டது. இக்காரையிலுள்ள சுண்ணாம்புத் துணுக்குகள், பின்னர்த் தோன்றும் வெடிப்புகளில் நீர் புகுங்கால் கரைந்து மீண்டும் படிந்து அவ்வெடிப்புகளை அடைக்கும் என்பதை 2023-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

இந்நான்கனுள் ஆட்டங்கள் காட்டுவன எவை? பெருமையையும் புதுமையையுமே பெரும்பான்மையும் காட்டுகின்றன. 'சிவிலிசேஷன்' வரிசை ஆட்டங்களில் உலக வியப்புகள் எனத் தனிவகைக் கட்டடங்களே உண்டு. அவற்றைக் கட்டி முடித்தோன் பயன் பெறுவான். 2016-இல் வந்த அதன் ஆறாம் பகுதியில் நீர்க்கால் நகரை ஒட்டிய ஒரு கட்டத்தில் அமைகின்றது. அடுத்து ஆறோ ஏரியோ மலையோ இருத்தல் போதும். ரோமானியர்க்கு மட்டும் அதனினும் சிறந்த நீராடு மன்று அதன் இடத்தில் அமையும். ஐம்பது கிலோமீட்டர்ச் சரிவு ஒரு கட்டத்துள் மறைந்துவிட்டது. சிறுமை காட்டப்படவில்லை; எனவே வியப்பின் பாதியே காட்டப்பெற்றது. ஆட்டம் என்பது சுருக்கமே. எல்லாவற்றையும் அஃது ஏற்க இயலாது என்பது உண்மை. ஆயினும் எதனைச் சுருக்கினர், எதனை விடுத்தனர் என்பதினின்றே ஆக்கியோர் மதிப்பீடு வெளிப்படும்.

4. நக்கீரர் கண்ட யவன விளக்கு

யவனர் என்னும் சொல் முதற்கண் கிரேக்கரைக் குறித்துப் பின்னர் ரோமானியப் பேரரசினின்று வந்த பிறரையும் தழுவி வழங்கியது. அவர்தம் பொருள்களைத் தமிழ்ப்புலவர் கண்ட பாங்கு தனித்து ஆராயத்தக்கது. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு, பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் கலத்தை முசிறித் துறையில் காட்டுகின்றது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டு அவர் கொணர்ந்த தேறலைக் கூறும். முல்லைப்பாட்டு பாசறையில் அரசன் இருக்கையைக் காக்கும் யவனரைக் கூறும். மணிமேகலையில் யவன நாட்டுத் தச்சர், மகதத்திலிருந்தும் மராட்டத்திலிருந்தும் அவந்தியிலிருந்தும் வந்த தொழில்வல்லாரொடும் தமிழ் வினைஞரொடும் கூடி ஒரு மண்டபத்தை அமைக்கின்றனர். 1945-இல் வீலர் நடத்திய அரிக்கமேட்டு அகழ்வில் இத்தாலிய அரெட்டைன் மட்கலங்களும் தேறற் சாடிகளும் கிடைத்தமை இப்பாடல்களுக்கு மண்ணினின்று எழுந்த உரையாயிற்று.

இவற்றுள் நம் ஆராய்ச்சிக்கு உயிரானது நெடுநல்வாடை. அரண்மனையுள் யவனர் செய்த பாவை விளக்கு ஒன்றை நக்கீரர் காட்டுகின்றார். பாவை தன் கையில் ஏந்திய அகலில் நெய் நிறைந்துள்ளது. பருத்த திரி கொளுத்தப்பெற்று எரிகின்றது. பிற நாட்டுக் கைத்திறனைக் கண்ட புலவர் அதன் அழகைக் கூறி அமைந்திருக்கலாம். அவர் அவ்வளவில் நிற்கவில்லை. நெய் வற்றுந்தோறும் அதனை நிரப்பி விளக்கைச் செவ்விதாக்கும் செயலையும் சேர்த்தே பாடுகின்றார். வியத்தகு பொருளும் அதனைக் காக்கும் கையும் ஒரே காட்சியுள் அமைந்துள்ளன. கணவனைப் பிரிந்த அரசி துயிலாதிருக்கும் நீண்ட இரவில் அவ்விளக்கு அணையாதிருப்பது யவனன் திறத்தால் மட்டுமன்று. வேளைதோறும் நெய் வார்க்கும் பணிமகளிராலுமாம். பாட்டின் உணர்ச்சிக்கு இக்காவல் இன்றியமையாதது. நெய் வார்க்கும் செயல் இல்லையேல் இரவின் நீட்சி நமக்குப் புலனாகாது.

நாம் தேடிய அளவைகோல் இதுவே. பொறியின் வியப்பு அதனை ஆக்கியதில் தொடங்கி, அதனைக் காப்பதில் நிறைவுறுகின்றது. நக்கீரர் கண்ணால் நோக்கினால், வியூக ஆட்டங்களின் குறையும், திருத்துநர் பணியின் நிறையும் ஒருங்கே விளங்கும்.

5. தமிழர்க்கு அமைந்த உறுப்புகள்

இனித் தமிழர்க்கு ஆட்டங்கள் தந்தவற்றை நோக்குவோம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' திராவிடர்க்குத் தனியுறுப்பாக உருமி வீரனையும், 'திரிசடை' என்னும் போர்க்கலத்தையும் அமைத்தது. உருமியாவது சுருட்டுவாள், கேரள நாட்டுக் களரி மரபிற்கு உரியது. திராவிடர் என்னும் பொதுப்பெயர்க்குள் அஃது அடங்குமாதலின் அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. கலப்பெயரோ ஐயத்துக்கிடமானது. கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, பஃறி, திமில் எனச் சங்க நூல்களில் கலப்பெயர்கள் பல உள. திரிசடை என்பது அவற்றுள் இல்லை. தமிழ் கற்றார் அப்பெயரைக் கம்பர் காவியத்துள் வீடணன் மகளாகவே அறிவர். நூலாராய்ச்சி வல்லார் ஒருவர் துணை நின்றிருப்பின் இப்பெயர் நேர்ந்திராது.

2025 பிப்ரவரியில் வெளிவந்த 'சிவிலிசேஷன்' ஏழாம் பகுதி இதனினும் கவனமாகச் சென்றுள்ளது. சோழர்க்குரிய கப்பல் 'கலம்' என்றே பெயர் பெற்றது. வணிகர் குழுவாகிய ஐந்நூற்றுவர் பெயரால் ஒரு நகர்ப்பகுதியும், அதனை ஆக்கும் கட்டடங்களாக 'அஞ்சுவண்ணம்', 'மணிக்கிராமம்' என்பனவும் அமைந்தன. கி.பி. 849-இல் எழுந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் காணப்பெறும் இவ்விரு வணிகக் குழுப் பெயர்களும் உலகெங்கும் உள்ள இளைஞர் நாவில் வழங்குதல் மகிழ்ச்சிக்குரியதே. சொற்றிருத்தம் என்னும் அளவில் இது சிறந்த வெற்றி.

ஆயினும் மணிக்கிராமத்தார் செய்தது வாணிகம் மட்டுமோ? தாய்லாந்து நாட்டின் தக்குவாபாவில் கிடைத்த, ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இதற்கு விடை கூறும். நாங்கூர் உடையான் ஒருவன் அங்கே குளம் ஒன்று தோண்டுவித்தான். அவனிநாரணம் என்பது அதன் பெயர். தெள்ளாறெறிந்த நந்திவர்மனின் சிறப்புப் பெயர் அது. அக்குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாரிடமும் சேனாமுகத்தாரிடமும் ஒப்படைக்கப்பெற்றது. கடல் கடந்து வாணிகம் செய்யச் சென்ற தமிழர் அயல்மண்ணில் விட்டுவந்த சான்று ஒரு குளமும், அதன் காவலும் ஆகும். ஆட்டம் மணிக்கிராமம் என்னும் பெயரை ஏற்றது. பொருளீட்டும் செயலை ஏற்றது. அம்மணிக்கிராமம் காத்த குளத்தை விட்டுவிட்டது. சோழர்க்கெனத் தனியே வகுத்த கட்டடங்களுள் ஏரி இல்லை. மாணவர் எழுப்பிய வினாவின் அடிப்படை இதுவே.

6. நீர்க்காலும் ஏரியும்

ஈண்டு ரோமானியரை இறக்கித் தமிழரை உயர்த்தும் எளிய வழியை நாம் மேற்கொள்ளலாகாது. ஆட்டங்கள் ரோமானியரையும் முழுமையாகக் காட்டவில்லை என்பதே உண்மை. ரோம் நகரின் முதல் நீர்க்காலாகிய ஆப்பியா கி.மு. 312-இல் அமைந்தது. கி.பி. 97-இல் அந்நகரின் நீர்ப்பொறுப்பை ஏற்ற ஃபிரான்டினஸ் என்பார் தம் காலத்து நீர்க்கால்களைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். பயனற்ற பிரமிடுகளோடு ஒப்பிட்டு இந்நீர்க்கால்களைப் பெருமையாகப் பேசும் அவர், நூலின் பெரும்பகுதியைக் குழாய் அளவு, நீர்த்திருட்டு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கே ஒதுக்கினார். பொதுவில் 240 பேரும் பேரரசன் சார்பில் 460 பேரும் ஆக 700 பேர் இப்பணிக்கு இருந்தனர் எனக் கணக்கும் தருகின்றார். அவர்கள் அடிமைகள் என்பதையும் மறத்தலாகாது. வளைவுகளைத் தாங்கியது கல்லெனின், நீரைத் தாங்கியது அவ்வெழுநூற்றுவர் உழைப்பு.

தமிழகத்தில் நீர்நிலையின் இயல்பு வேறு. வற்றா ஊற்றினின்று நகர்க்கு நீரை நடத்துவது நீர்க்கால். சில திங்களே பெய்யும் மழையைத் தடுத்து, ஆண்டு முழுமைக்கும் தேக்கி, வயலுக்கு அளந்து விடுவது ஏரி. கரை, மதகு, தூம்பு, கலிங்கு என்பன அதன் உறுப்புகள். ஓர் ஏரியின் கலிங்கு வழியே மிகும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அதன் மிகை அதற்கடுத்ததற்குச் செல்லும். இச்சங்கிலியே ஒரு பொறி. ஓரிடத்தில் நின்று வியக்க அதன்கண் ஒன்றும் இல்லை. கல்லணையும் இத்தகையதே. அதனைக் கரிகாலனுக்கு உரியதாக்குவது மரபு. தளர்ந்த ஆற்றுமணலில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையினின்று கற்றதாக, 1836-இல் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். கண்ணுக்குப் புலனாகாத அடித்தளமே ஈண்டு வியப்பு. தொல்காப்பியர் கூறிய சிறுமை என்னும் நிலைக்களன் இதற்கும் பொருந்தும்.

காவலில் தமிழர் மேற்கொண்ட முறையை உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, குடவோலையால் ஆண்டுதோறும் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகின்றன. அவற்றுள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினர் அறுவர். தகுதியுடையோர் காணியும் வேதக் கல்வியும் உடைய அந்தணரே. மண் சுமந்தோர் அவ்வோலையில் இடம்பெறவில்லை. ஆதலின் இதனை எல்லார்க்கும் உரிய குடியாட்சி எனல் மிகை. ஆயினும் ஏரியைக் காத்தல் ஓர் ஆண்டுப் பதவியாக, கணக்குக் கேட்கப்பெறும் பொறுப்பாக வைக்கப்பட்டமை கருதத்தக்கது. ரோமில் எழுநூற்று அடிமையர், உத்தரமேரூரில் அறுவர் வாரியம் என வடிவம் வேறாயினும், பொறி என்பது காவலோடு கூடியதே என்னும் தெளிவு இரண்டிடத்தும் ஒன்றே.

நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றின் 18-ஆம் பாட்டும் ஈண்டு நினைக்கத்தக்கது. வெற்றியும் புகழும் விரும்பும் வேந்தனிடம், நிலத்தையும் நீரையும் ஒன்று சேர்த்தோரே உடம்பையும் உயிரையும் படைத்தவராவர் என்று கூறி, பள்ளமான இடங்களில் நீர்நிலை பெருகச் செய்யுமாறு புலவர் அறிவுறுத்துகின்றார். மண்ணாசையை வெற்றியின் அளவையாகக் கொண்ட அரசியல் ஆட்டத்தின் விதியையே புலவர் மாற்ற முயல்கின்றார். இக்கட்டுரையின் சொல்லால் கூறின், குடபுலவியனார் செய்தது இலக்கணத் திருத்தம்.

7. திருத்துநர் காவல்

காவலை ஆட்டத்துள் அமைத்தல் இயலாது என்பார்க்கு இரண்டு விடைகள் உள. 1998-இல் வந்த 'சீசர் 3' ஆட்டத்தில் பொறியாளர் தெருத்தோறும் உலவுவர். அவர் செல்லாத தெருவில் கட்டடங்கள் இடிந்து விழும். காவலையே ஆட்டத்தின் சுவையாக்கிய நுட்பம் அது. 2019-இல் 'சிவிலிசேஷன்' ஆறாம் பகுதிக்கு வந்த விரிவு, ஆற்று வெள்ளத்தை விதியாக்கிற்று. வெள்ளம் அழிவும் செய்யும், நிலத்துக்கு வளமும் தரும். அணை கட்டினால் அழிவு நீங்கும். எனவே ஏரிச் சங்கிலியும் அதன் ஆண்டுக் காவலும் ஆட்டத்துக்கு ஒவ்வாதன அல்ல.

இனி நாம் கண்ட முரண் ஒன்றைக் கூறுதல் வேண்டும். ஆட்டங்கள் மறந்த காவலைத் திருத்துநர் தம் வாழ்வில் செய்துவருகின்றனர். 'சீசர் 3' பழைய கணினிகளுக்காக ஆக்கப்பெற்றது. அதனைப் புதிய கணினிகளிலும் இயங்கச் செய்ய ஆர்வலர் அதன் இயக்கநிரலை முற்றும் புதிதாக எழுதி 'ஜூலியஸ்' எனப் பெயரிட்டனர். மூல விதிகள் பிறழாமற் காத்தல் அதன் நோக்கம். பின்னர் அதனினின்று கிளைத்த 'அகஸ்டஸ்' விதிகளையும் விரித்தது. முன்னது உரை, பின்னது வழிநூல். 2019-இல் வந்த 'இம்பெரேட்டர்: ரோம்' என்னும் ஆட்டம் ஸ்பெயின் முதல் இந்தியா வரை விரிந்த நிலப்படத்தில் பாண்டிய நாட்டையும் கொண்டது. 2021-இல் நிறுவனத்தார் அதன் வளர்ச்சியை நிறுத்தியபின், 'இன்விக்டஸ்' என்னும் திருத்தக் குழுவினர் அதனை ஏற்று வளர்த்தனர். நெய் வற்றிய விளக்கில் நெய் வார்த்தோர் இவரே.

காவலர் மனம் படைத்த இக்குழுவினர் தாம் ஆக்கும் ஆட்டங்களில் கட்டுதலையே பெரிதும் போற்றுவது வியப்புக்குரியது. தமிழகத்தைச் சேர்ந்த திருத்துநர்க்கும் இது பொருந்தும். சோழர்க்குக் கோயில் கோபுரத்தையும் யானையையும் புலிக்கொடியையும் சேர்ப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அது சொற்றிருத்தம். ஏரியை ஒரு கட்டடமாகச் சேர்த்து, அதற்கு இத்தனை உணவு என எண் வைத்தாலும் அது சொற்றிருத்தமே. ரோமானிய நீர்க்காலுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டியதாகவே முடியும். ஆண்டுதோறும் வண்டல் படிந்து கொள்ளளவு குறைதல், தூர் எடுக்க உழைப்பு வேண்டுதல், ஓர் ஊரின் மிகைநீர் அடுத்த ஊரின் வாழ்வாதல், மேலூர்க் கரை உடையின் கீழூர் அழிதல், ஓராண்டுக்கு ஒருமுறை வாரியம் மாறுதல் என இவற்றை விதியாக்கினால் அதுவே இலக்கணத் திருத்தம். அவ்வாட்டத்தில் தனித்து வெல்லுதல் அரிது. அண்டை ஊரின் ஏரியைக் காவாதவன் தன் ஏரியையும் காக்க இயலாது.

8. முடிவுரை

இவ்வாராய்ச்சியால் மூன்று கருத்துகள் பெறப்படும். வியூக ஆட்டங்கள் ரோமானியப் பொறியியலின் பெருமையையும் புதுமையையும் காட்டி, அதன் சிறுமையையும் காவலையும் பெரும்பாலும் விடுத்தன. தமிழரைக் காட்டுமிடத்துப் பெயரளவில் முன்னேற்றம் உண்டு. நீர்மேலாண்மையாகிய உயிர்க்கூறு இன்னும் இடம்பெறவில்லை. அதனைச் சேர்க்கும் ஆற்றல் திருத்துநர்க்கு உண்டு. அவர்க்கு வேண்டும் சான்றுகள் கல்வெட்டிலும் சங்க நூலிலும் உள்ளன. அவற்றைத் தெளிவாக எடுத்துத் தருதல் தமிழ் ஆராய்வார் கடன். 'திரிசடை' போன்ற பெயர் ஒரு தமிழ் ஆட்டத்தில் இடம்பெறுவது ஆட்டக்காரர் குறை மட்டுமன்று; நம் நிகண்டுகளையும் கல்வெட்டுச் சொற்களையும் அவர் எளிதிற் பெறுமாறு வையாத நம் குறையுமாகும்.

வினா எழுப்பிய மாணவர்க்கு யாம் இவற்றைக் கூறியபோது அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரும் அதன் சுற்றிலுமுள்ள பல ஏரிகளின் மிகைநீரும் அடையாற்றில் பெருகிவந்து, தம் பகுதியை ஒட்டிய கழிமுகத்தின் வழியே கடலில் கலந்ததை நினைவுகூர்ந்தார். ஏரிச் சங்கிலியின் இறுதிக் கண்ணியில் அவர் வாழ்கின்றார். பராந்தகன் காலத்து வீரநாராயண ஏரியாகிய வீராணம் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவினின்று குழாய்வழியே சென்னைக்கு நீர் தருவதும் அவர் அறிந்ததே. ரோமானியர் நீர்க்காலும் சோழர் ஏரியும் அவர் வீட்டு நீர்க்குழாயில் ஒன்றுகூடியுள்ளன.

அம்மாணவர் இப்போது சோழர் ஆட்டம் ஒன்றுக்குத் திருத்தம் எழுதத் தொடங்கியுள்ளார். அதன் முதல் விதியாக, ஏரியைக் கட்டியோன் பெறும் பயனைப் பாதியாகவும், அதனைக் காத்தோன் பெறும் பயனை மறுபாதியாகவும் வைத்துள்ளார். நெய் வார்க்கும் கையையும் விளக்கோடு சேர்த்துக் கண்ட நக்கீரர் மரபுக்கு அவ்விதி மாறுபட்டதன்று.